அமத்திப் பிடியுங்கோ

– அமத்துங்கோ.

– அமத்தியாச்சு.

– அப்பிடியே பிடியுங்கோ. நான் சொல்லுமட்டும் பெடலை விடாதையுங்கோ. காத்துப் போக நிப்பிளைத் திறக்கிறன்.

– பிடிச்சிருக்கிறன்.

– ச்சீ! திரும்பவும் காத்து. பிரேக் ஒயிலுக்க ஒரே குமிழ். விட்டிட்டீங்களே றெமி?

– விடேல்லை எண்டு எத்தினை தரம் சொல்லுறது? மாதாவே, காலமையில இருந்து இந்த சீற்றில இருக்கிறன். முதுகும் நாரியும் கல்லாப் போச்சு.

– எனக்கு மட்டும் காருக்குக் கீழ மெத்தையே விரிச்சுக் கிடக்கு? கராஜ் சீமெந்துக் குளிர் எலும்புக்க போகுது.

– அப்ப எழும்பும். அடுத்த சனிக்கிழமை பாப்பம்.

– மூண்டு சனிக்கிழமையா உந்தக் கதையைத்தானே சொல்லுறீங்கள். பனி உருக றோட்டில உப்புப் போட முதல் இந்தக் கார் ஒருக்காவெண்டாலும் ஷெப்பேட் றோட்டு வரைக்கும் போய் வரவேணும். உப்புப் பட்டா நான் வெட்டி ஒட்டின தகடெல்லாம் கறள் பிடிச்சிடும். பிறகு ஏப்ரல் வரைக்கும் இஞ்சதான் கிடக்கும்.

– நாலு வருசம் பொறுத்தனீர். இன்னுமொரு பனிக்காலம் பொறுக்கேலாதோ?

– நாலு வருசம் பொறுத்ததாலதான் இனி ஏலாது. எஞ்சின் ஏத்தியாச்சு. கியர் விழுது. லைற் எரியுது. பிரேக் மட்டும் பஞ்சு மாதிரி அமியுது.

– நான் அப்பவே சொன்னனான். எழுபத்தொண்டாம் ஆண்டுக் கார். ரெக்ஸ்டேலில ஒரு வீட்டுப் பின்வளவில, சீற்றுக்குள்ளால மரம் முளைச்சுக் கிடந்ததை இழுத்துக்கொண்டு வந்தனீர். சரி, திருத்தும். ஆனா அந்தக் காலத்தில கொம்பனிக்காரன் செய்த மாதிரியே திருத்தும். பழைய ட்ரம் பிரேக்குக்கு என்ன குறை? நீர்தான் கழட்டி எறிஞ்சுபோட்டு டிஸ்க் பிரேக் போட்டனீர்.

– முந்தி இருந்ததைவிட ரெண்டு மடங்கு பலமான எஞ்சின் போட்டிருக்கு. ஓடத் தெரிஞ்ச கார் நிக்கவும் தெரியவேணும். பதினாறு வருசமா எயார்போட்டில சாமான் ஏத்துற வண்டியள் திருத்துறன். ஒரு பிரேக்குக்கு எயர் எடுக்க எனக்குத் தெரியாதோ?

– உம்மில பிழை சொல்லேல்லை. சாமான்தான் பிழை. பெட்டியில வந்த அந்த மாஸ்ரர் சிலிண்டர்.

– அதை ரெண்டு தரம் மாத்தியாச்சு. ஹோஸ் எல்லாம் மாத்தியாச்சு. நாலு சில்லிலயும் ஒரு சொட்டு ஒழுக்கில்லை. குளிக்கேக்கையும் இதுதான், சமைக்கேக்கையும் இதுதான் மண்டைக்குள்ள ஓடுது. காத்து எங்கால வருது?

– கோவத்தில ஸ்பனரை எறியாதையும். பெயின்ற் போயிடும்.

– திரும்ப அமத்துங்கோ.

– அமத்தியாச்சு.

– பிடியுங்கோ.

– பிடிச்சிருக்கிறன்.

– றெமி.

– என்ன?

– காலை எடுத்திட்டீங்கள்.

– இல்லையப்பா!

– போத்திலுக்க விழுந்த ஒயில் குழாயால திரும்பி மேல போகுது. என்ர கண்ணுக்கு முன்னால. பெடல் எழும்பினா ஒழிய அது நடக்காது.

– அப்ப நான் பொய் சொல்லுறன் எண்டுறீரோ?

– போனைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்களோ?

– போன் குசினியில கிடக்கு. நிரூபா, அளந்து கதையும். இருவத்திரண்டு வருசம் பள்ளிக்கூட பஸ் ஓடுறன். பிரேக் அமத்த எனக்குப் பாடம் எடுக்கிறீரோ?

– பாடம் எடுக்கேல்லை. அப்பிடியே இருங்கோ. நான் வெளியால வாறன்.

– வாரும். நல்லா வந்து பாரும்.

– கதவை அகலத் திறவுங்கோ, வெளிச்சம் காணாது. ம்… இப்ப அமத்துங்கோ.

– அமத்தியாச்சு.

– பிடியுங்கோ. பஸ்ஸில இருக்கிற மாதிரி முன்னுக்குப் பாருங்கோ. கீழ பாக்காதையுங்கோ.

– பிடிச்சிருக்கிறன்.

– இப்பவும்?

– இப்பவும்தான். விடியுமட்டும் வேணுமெண்டாலும் பிடிக்கிறன்.

– இன்னும் பலமா.

– இதுக்கு மேல அமத்தினா பெடல் முறியும்.

– றெமி, குனிஞ்சு உங்கட காலைப் பாருங்கோ.

– ஏன்?

– பாருங்கோ எண்டுறன்.

– …மாதாவே.

– பெடலில இருந்து வழுக்கி அப்பவே விழுந்திட்டுது. நீங்கள் தரையை அமத்திக்கொண்டிருக்கிறீங்கள்.

– சப்பாத்து. சப்பாத்தில ஒயில் பட்டிருக்கும்.

– கழட்டுங்கோ. சொக்ஸையும் கழட்டுங்கோ. கண்ணை மூடுங்கோ. இப்ப எந்த விரலைத் தொடுறன்?

– நீர் இன்னும் தொடேல்லை.

– இப்ப?

– இன்னும் இல்லை. தொடுமன்.

– ஸ்பனரால அமத்திக்கொண்டிருக்கிறன் றெமி. பெருவிரல் வெளிறிப் போச்சு.

– கண்ணைத் திறக்கட்டே?

– திறவுங்கோ. எவ்வளவு நாளா இப்பிடி?

– கோடையில விறைச்ச மாதிரி இருந்தது. ஊசி குத்தின மாதிரியும் இருந்தது. சீனி வருத்தக்காரருக்கு அப்பிடி வருமெண்டு டொக்டர் ஒருக்காச் சொன்னவர்தான். பிறகு குத்துறது நிண்டிட்டுது. நோவு நிண்டா சுகம் வந்திட்டுதெண்டுதானே நினைப்பம்?

– எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூண்டு கிழமையா சாமான் வித்த கடைக்காரனைத் திட்டினன். உங்களைத் திட்டினன்.

– எனக்கே தெரியாததை எப்பிடிச் சொல்லுறது?

– சரி, சரி. முகத்தைத் துடையுங்கோ. திங்கட்கிழமை நீங்கள் பஸ் எடுக்கேலாது. நானும் லீவு போடுறன், டொக்டரிட்டப் போவம். கால் எங்க கிடக்கெண்டு தெரியாம அத்தினை பிள்ளையளை ஏத்தக்கூடாது.

– புதன்கிழமை பின்னேரம் ஒண்டு நடந்தது.

– என்ன நடந்தது?

– பிள்ளையளை இறக்கேக்க பஸ் முன்னுக்கு உருண்டிட்டுது. ஒரு சின்னப்பிள்ளை பஸ்ஸுக்கு முன்னால குறுக்க போய்க்கொண்டிருந்தது. தாய் எட்டி இழுத்திட்டா. ஒரு கீறல்கூட இல்லை.

– கடவுளே! என்னட்ட மூச்சும் விடேல்லையே.

– நீர் இதோட மல்லுக்கட்டிக்கொண்டு நிண்டீர். இன்னொரு பிரேக் கதை எதுக்கெண்டு விட்டன்.

– ஒவ்வீசில சொன்னனீங்களோ?

– அண்டைக்கே சொன்னனான். பஸ்ஸைச் சுத்திச் சுத்திப் பாத்தவங்கள். ஒரு பிழையும் பிடிபடேல்லை.

– பிறகு?

– நான் பெடலை விடேல்லை, முழுப் பலத்தோட அமத்தினனான், பிரேக்தான் பிடிக்கேல்லை எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சன். இருவத்திரண்டு வருசம் ஓடினவன்ர சொல்லை நம்பினவங்கள், நிரூபா. அந்த பஸ்ஸுக்குக் கடைசியா பிரேக் செய்த பொன்னம்பலம் அண்ணையை நேற்று வேலையால நிப்பாட்டிப்போட்டாங்கள்.