பாகல் நாற்றுக்குக் கதகதப்பு

பாகற்காயை யாரும் ஆசைப்பட்டு வாங்குவதில்லை, ஐயா. டாக்டர் சொன்னார் என்று வாங்குவார்கள். அதனால் அதில் பேரமே இருக்காது. கடத்தூர் மண்டியில் பிறந்து வளர்ந்த எனக்கு அது ஒரு குறைதான்.

சென்னப்பனைப் பற்றிக் கேட்டீர்கள். என் மனைவி குள்ளம்மாளின் தம்பி. தளியில் அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. மாப்பிள்ளை இங்கேயே இருந்து வெள்ளாமை பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் எனக்குப் பெண் கொடுத்தார்கள். கொஞ்ச காலம் என்று நான் நினைத்தேன். ஆயுளுக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள். அளவு கேட்காமல் தலையாட்டிய மண்டிக்காரன் நான் ஒருவன்தான் இருப்பேன்.

தளிக் குளிரில் மூச்சு விட்டாலே பீடி குடித்த மாதிரி இருக்கும். "இந்தக் குளுருல பாகல் வந்துச்சுன்னா நாம கேட்டதுதான் வெல, மாப்ள" என்று ஒருநாள் விளையாட்டுக்குச் சொன்னேன். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். விதை முனையைக் கிள்ளி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரத்துணியில் கட்டி அடுப்போரம் வைத்து முளைக்க விட்டான். முளைத்ததைப் பிளாஸ்டிக் பைகளில் ஊன்றி, ஒரு மண்சுவர் அறையில் கரி அடுப்பு மூட்டி வளர்த்தான். மாசி வெயில் ஏறிய பிறகுதான் கொல்லையில் நட்டான். காய்த்துத் தொங்கியது. என் விளையாட்டுப் பேச்சே எனக்குப் பூட்டாகிவிட்டது.

ஊருக்குப் போகலாம் என்று குள்ளம்மாளைக் கூப்பிட்டேன். "நெலத்த விக்க எந்தம்பி சரின்னா நாளைக்கே வர்றேங்க" என்றாள்.

அவனிடம் எங்கள் வழக்கப்படிதான் கேட்டேன். எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவோம். சம்மதப்பட்டவன்தான் முதலில் கையை விடுவான். அதைச் சென்னப்பனுக்கு நானே சொல்லிக்கொடுத்திருந்தேன். அடிக்கடி துண்டைப் போட்டு, நிலத்தைக் கொடுத்துவிடலாமா என்று கேட்பேன். அவன் என் விரலை விடவே மாட்டான்.

"உங்கள உட்டா எனக்கு யாரு பாவா இருக்காங்க?" என்று சிரிப்பான். அந்தப் பக்கம் அக்கா புருஷனைப் பாவா என்பார்கள். நல்ல பையன், ஐயா. கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன்.

இந்தத் தை மாதம் குளிர் அதிகம். கங்கு அணையக் கூடாது என்று அவன் நாற்று அறையிலேயே படுக்க ஆரம்பித்தான். இலை சுருளுகிறது என்று ஒருநாள் சாயங்காலம் வருத்தப்பட்டான். அவன் உள்ளே போன பிறகு சுவரில் இருந்த காற்றுத் துவாரத்தை மண் வைத்து அடைத்தேன். கதவடியில் ஈரச் சாக்கைத் திணித்தேன். காற்றில் கதவு திறந்துகொள்ளுமே என்று வெளித்தாழ்ப்பாளையும் போட்டேன். எல்லாம் நாற்றுக்காகத்தான்.

எங்கள் மண்டியில் வாழைத்தாரை இப்படித்தான் புகை போட்டுப் பழுக்க வைப்போம். கதவு இடுக்கில் மண் பூசுவதற்கு முன்னால், உள்ளே ஆள் இருக்கிறானா என்று சத்தமாகக் கூப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். நான் கூப்பிடவில்லை. இருக்கிறான் என்றுதான் தெரியுமே.

விடிந்ததும் போனேன். உள்ளே கதவைச் சுரண்டுகிற சத்தம். என்ன சொல்கிறான் என்று கேட்கத்தான் சாக்கை இழுத்தேன். கதவடியில் அவன் கை வந்தது. பழக்கதோஷம், துண்டை மேலே போட்டு விரலைக் கொடுத்தேன். இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"பாவா... கதவு..." என்றான்.

"நெலத்தக் குடுத்துடலாமா, மாப்ள?" என்று கேட்டேன்.

தாழ்ப்பாள் என் தலைக்கு மேலேதான் இருந்தது. ஆனால் துண்டுக்குள் கை இருக்கும்போது பாதியில் எழுந்துபோவது மரியாதை இல்லை. சாக்கை ஒரு காலால் திரும்பவும் கதவடியில் தள்ளி வைத்தேன், குளிர் உள்ளே போகக் கூடாதே. நாற்று ஒன்றுகூட வாடவில்லை, நீங்களே பார்த்தீர்கள்.

உன் தம்பி சரியென்று சொல்லிவிட்டான் என்று குள்ளம்மாளிடம் போய்ச் சொன்னேன். எப்போது சொன்னான், எப்படிச் சொன்னான் என்று கேட்டாள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் மூட்டை கட்டுவாள் என்று பார்த்தேன். நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா. நான் கடைசிவரை பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அவன்தான் முதலில் கையை விட்டான்.