ஆமெனுக்கு ஒரு தட்டு

இந்தக் கதையை எனக்கு முதல்ல சொன்னது என் பெரிய மதினி பாக்கியமணி. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருசம், ஊரே கூடிச் சாப்பிடுற அசனப் பண்டிகைக்குக் கோயில் முற்றத்துல உட்கார்ந்து கத்தரிக்காய் அரிஞ்சுக்கிட்டு இருந்தோம். "ஆமென் சொல்லும்போது இந்த ஊர்ல ஏன் மதினி எல்லாரும் காலைத் தட்டுறாங்க?"ன்னு கேட்டேன். மதினி அரிவாள்மனையை ஒதுக்கி வச்சுட்டுச் சொன்னாங்க.

முன்னொரு காலத்துல, பனங்காட்டுக்கும் செம்மணல் மேடான தேரிக்கும் நடுவுல, இதே ஊர்ல, ஏசுவடியான்னு ஒரு வாத்தியார் இருந்தாராம். ஞாயித்துக்கிழமை கோயிலா இருக்கிற கட்டடம் மத்த நாள்ல பள்ளிக்கூடம். உடைஞ்ச தோணிப் பலகைகளைப் பனந்தடி மேல பரப்பித் தளம் போட்டிருந்தாங்க. நடந்தா திம் திம்முனு அதிருமாம்.

சண்டைக்காலம் வந்துச்சு. எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆளு வேணும்னு பட்டாளத்துல கூப்பிட்டாங்க. வாத்தியார் போனார். போனது ஒரே ஒரு மழைக்காலந்தான். பர்மாப் பக்கத்துக் காட்டுல, கூடாரத்துக்குக் கிட்ட ஒரு குண்டு விழுந்துச்சு. உயிர் தப்பிச்சு. காது ரெண்டும் போயிட்டு.

திரும்பி வந்தவர் யார்கிட்டயும் சொல்லல. உதட்டைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டிக்கிட்டாராம். ஒரு ஞாயித்துக்கிழமை சேகரத்து ஐயர் வந்தார். சுத்துப்பட்டுக் கோயிலுக்கெல்லாம் அவர்தான் குரு, பள்ளிக்கூடத்துக்கும் அவர்தான் மேனேஜர். ஜெபம் முடிஞ்சு, ஆமென்னு எல்லாரும் உட்கார்ந்தாச்சு. வாத்தியார் மட்டும் கண்ணை மூடினபடி நிக்கார். நிக்கார், நிக்கார், நின்னுக்கிட்டே இருக்கார். முடிஞ்சது அவருக்கு எப்படித் தெரியும்?

ஐயருக்கு விளங்கிட்டு. வாத்தியாரை எதிர்ல நிறுத்தி மெதுவாச் சொன்னாராம், "நீர் நல்லவர்தான் ஓய். ஆனா பிள்ளைக சொல்றது காதுல விழாம எப்படிப் பாடம் எடுப்பீர்? அடுத்த மாசம் வேற ஆளை அனுப்புறேன்."

வாத்தியாருக்கு அந்த வேலையை விட்டா வேற போக்கு இல்ல. பனையேறத் தெரியாது. மறுநாள் வெறுங்காலோட சன்னல் பக்கம் பார்த்து நின்னார். பின்னால பிள்ளைக காலைத் தட்டிக் கீர்த்தனை பாடுதுக. அப்பத்தான் அது நடந்துச்சாம். பாட்டு பலகை வழியா ஊர்ந்து வந்து, உள்ளங்கால்ல ஏறி, முழங்கால்ல ஏறி, நெஞ்சுக்குள்ள வந்து நின்னுச்சாம். ராத்திரி பெய்யுற மழை மண்ணுக்குள்ள இறங்குமே, அந்த மாதிரி. எந்தப் பாட்டுன்னுகூட அவருக்குத் தெரிஞ்சுதாம். ஆண்டவர்தான் அந்த வழியைத் திறந்தார்னு மதினி சொல்வாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுது.

அதுலருந்து பிள்ளைகெல்லாம் குதிகாலாலதான் வாத்தியாரைக் கூப்பிட்டுச்சுக. ஒரு தட்டு தட்டினா அவர் திரும்பி வாயைப் பார்ப்பார். அன்பையான்னு ஒரு சேட்டைக்காரப் பய. முதுகுக்குப் பின்னால, "செவிட்டு வாத்தியாரே, செவிட்டு வாத்தியாரே"ன்னு குதிச்சானாம். வாத்தியார் திரும்பவே இல்ல. "ஏலே அன்பையா, ஆடுறதுதான் ஆடுத, தாளத்தோட ஆடுலே!"ன்னாராம்.

மாசம் முடிஞ்சு ஐயர் வந்தார். பிள்ளைக முன்னமே பேசி வச்சிருந்துச்சுக. ஐயர் பின்னாலருந்து, "வாத்தியாரே!"ன்னார். ஒரு பிள்ளை தட்டுச்சு. வாத்தியார் திரும்பி, "சொல்லுங்க ஐயா"ன்னார்.

ஐயருக்கு முகம் மலர்ந்துட்டு. "காது வந்துட்டா! ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!"

அதோட விட்டிருக்கலாம். வாத்தியார் விடல. "காது வரல ஐயா. பொய் சொல்லி இந்த வேலையில இருக்க மாட்டேன். பூட்ஸைக் கழட்டிட்டுக் காதைப் பொத்திக்கிட்டு இங்க நில்லுங்க."

பிள்ளைக முகம் செத்துப்போச்சு. போச்சு, வேலை போச்சுன்னு ஒரு பிள்ளை அழுதுட்டாம்.

ஐயர் பூட்ஸைக் கழட்டினார். நின்னார். காதைப் பொத்தினார். பிள்ளைக தட்டித் தட்டிப் பாடுச்சுக. ஐயர் கண்ணு தானா மூடிட்டு. பாட்டு முடிஞ்சும் அசையல. கொஞ்சம் பொறுத்துக் கண்ணைத் திறந்து கேட்டாராம், "அந்த மூலையில எவம்லே தாளம் தப்புறது?"

எல்லாரும் அன்பையாவைப் பார்த்தாங்க.

வாத்தியார் தலை நரைக்கிற மட்டும் அதே வேலையில இருந்தார். கோயில்ல ஒவ்வொரு ஜெபம் முடியும்போதும், அவர் கண்ணைத் திறக்கட்டும்னு சபையே குதிகாலால ஒரு தட்டு தட்டுமாம். அப்படித்தான் வந்துச்சு இந்தப் பழக்கம். இப்போ சிமெண்டுத் தளம் போட்டாச்சு. பலிபீடத்துக்கு முன்னால ஒரு தோணிப் பலகையை மட்டும் ஊர்க்காரங்க எடுக்க விடல. வாத்தியாரைப் பலிபீடத்துக்குப் பின்னால இருக்கிற சுவரை ஒட்டி, வெளியிலதான் அடக்கம் பண்ணியிருக்கு. கண்ணை மூடிக்கிட்டுக் காத்திருக்கார்.

எப்பவாச்சும் எங்க கோயிலுக்கு வந்தீங்கன்னா, ஆமென் சொல்லும்போது நீங்களும் ஒரு தட்டு தட்டிருங்க.