ஜீரோவுக்குக் கீழ ஒரு வரி

...அதத்தாம்மா நானும் கேக்குறேன். ஜீரோன்னு போட்டுக் குடுத்தா என்ன அர்த்தம்? இருக்குன்னு சொல்லு, இல்ல இல்லன்னு சொல்லு. எங்க ஊரு கொள்முதல் நிலையத்துல நெல்லக் கொண்டு போயிக் கொட்டுனா, ஈரம் பாக்குற மிசின வெச்சுப் பாத்துட்டு, எடுத்துக்குறேன், இல்லன்னா காயவெச்சுட்டு வான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவான். அது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மிசினு. இங்க உள்ள இருக்கற ஸ்கேன் மிசினு பீரோ மாதிரி நிக்குது. அது போட்டுக் குடுத்தது ஜீரோ.

கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, ஃபேன் காத்தே வரல. எம்பேரு ராஜாத்தி. கீழ்வேளூர் பக்கம். ஏன், திருவாரூர்ல ஸ்கேன் இல்லியான்னு கேப்ப. இருக்கு. அங்க போனா பஸ்ஸ விட்டு எறங்கறதுக்குள்ள நாலு பேரு என்னக்கா ஒடம்புக்கும்பாங்க. தஞ்சாவூர்னா ஜவுளி எடுக்கப் போறேன்னு சொல்லிக்கலாம் பாரு. இந்தப் பை கூட ஜவுளிக்கடப் பைதான்.

எதுக்கு ஸ்கேனுன்னா... மாருலதான். அட, ஏன் நெளியிற? இந்த பெஞ்சுல உக்காந்திருக்குற எல்லாரும் அதுக்குத்தான் வந்திருக்கோம். போன ஆவணில குளிக்கறப்ப கையில தட்டுப்பட்டுச்சு. மொச்சக்கொட்ட அளவு. எங்க ஊரு லேடி டாக்டரு தொட்டுப் பாத்துட்டு, சீட்டு எழுதி இங்க அனுப்புனாங்க. வந்தேன், பாத்தாங்க, கவர்ல போட்டுக் குடுத்தாங்க. இந்தா, நீயே பிரிச்சுப் பாரேன். கேட்டகிரி ஜீரோன்னு நடுவுல இருக்கு பாரு. நான் அஞ்சாப்பு. நம்பரு மட்டும்தான் தெரியும்.

எங்க வீட்டுக்காரரு கோவிந்தராசு இருக்காரே, பட்டா, சிட்டா, அடங்கல்னு எவன் எதக் கொண்டாந்தாலும் படிச்சுச் சொல்றவரு. கண்ணாடிய மாட்டுனாரு. ஜீரோவப் பாத்தாரு. வில்லங்கச் சான்றுல நில்லு, அதாவது ஒன்னுமில்லன்னு வந்தா நெலம் சுத்தம்ல, அதேதாண்டி இதுவும்னாரு. அன்னிக்கு சாயங்காலமே வேளாங்கண்ணிக்குப் போயி ஆளுயரத்துக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துட்டாரு. மாதாவே கொழம்பிப் போயிருக்கும்.

அப்பறமும் சந்தேகம் தீரல அவருக்கு. உரக்கட காதர் மைதீன்கிட்ட தூக்கிட்டுப் போனாரு. அவரு பத்தாப்பு. மூட்டைல இருபது இருபது ஜீரோ பதிமூணுன்னு போட்டிருந்தா அந்த ஜீரோவுக்கு என்ன அர்த்தம், சாம்பச்சத்து இல்லன்னுதான அர்த்தம், அதே கணக்குத்தான், அக்கா ஒடம்புல நோயில்லன்னு சொல்லிருக்காரு. சொன்னதோட ரெண்டு மூட்ட உரத்தையும் ஏத்தி அனுப்பிச்சுட்டாரு.

என் நாத்தனா மலர்க்கொடி வேற. அவ புள்ள கணக்குல ஜீரோ வாங்குறவன். ஜீரோன்னா ஃபெயிலுதான் அண்ணி, முத்திப்போச்சு அண்ணின்னு ஒரே அழுவ. தெருவே சாத்துக்குடி வாங்கிட்டு வந்துருச்சு. காலைல எனக்கு ஒன்னுமில்லன்னு கேசரி, சாயங்காலம் நான் பொழைக்க மாட்டேன்னு சாத்துக்குடி. ரெண்டையும் நான்தான் தின்னேன்.

மவன் இளஞ்செழியன் சிங்கப்பூர்ல இருக்கான். போட்டோ புடிச்சு அனுப்புனோம். அவன் மட்டும் மெழுகுவத்தியும் பேசல, உரமும் பேசல. அம்மா, இன்கம்ப்ளீட்னு போட்டுருக்கே, அப்டின்னா முடிக்கலன்னு அர்த்தம், எத முடிக்கலன்னான். எனக்கு அப்ப பாத்து சிக்னல் போயிடுச்சு.

இந்தச் சென்டரையும் சொல்லணும். அஞ்சு மாசம் என்ன இந்தப் பேப்பர வெச்சுக்கிட்டு அல்லாட விட்டுட்டாங்க. ஒரு வார்த்த வெளங்குற மாதிரி எழுதப்படாதா? படிச்ச புள்ளைங்க நெறைய இருக்குற எடம்...

என்னம்மா, வெரல ஜீரோவுக்குக் கீழ வெக்கிற? அதுல என்ன?

நீ இங்கிலீஷ் படிப்பியா? இவ்ளோ நேரம் நான் பேசறத மட்டும் கேக்குறன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

...ம். அதான் எழுதிருக்கு. தெரியும். வலது பக்கம் பாக்கல, பாக்க இந்தம்மா சம்மதிக்கல, முழுசா பாக்காம எதுவும் சொல்ல முடியாது, ரெண்டு வாரத்துக்குள்ள வரணும். ஸ்கேன் எடுத்த பொண்ணே அன்னிக்கு என்ன வாசல்ல நிறுத்தி, கவரக் குடுத்து வாசிச்சுக் காட்டுச்சு. ஊரே கூடிப் படிச்சுச்சும்மா, ஜீரோவத் தாண்டி ஒருத்தரும் கீழ எறங்கல. நானும் எறக்கி விடல.

ஆம்பள டாக்டரு, கூச்சம்னு சொல்லிடலாம்னு பாக்குறேன். பொய்யி. பொம்பளப் புள்ளதான். ஜெல்லு சில்லுன்னு இருக்கும்மான்னு முன்னாடியே சொல்லிட்டுத்தான் தடவுச்சு. எந்தப் பக்கம்மான்னு கேட்டுச்சு. எடதுன்னேன். கட்டி வலதுல. சீட்டுல எழுதிருப்பாங்களேன்னுச்சு. சீட்டத் தொலச்சுட்டேன்னேன். இந்தப் பைக்குள்ளதான் இருந்துச்சு. சரி, ரெண்டு பக்கமும் பாத்துடலாம்னுச்சு. அந்தப் பக்கம் நல்லாருக்கும்மா, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சுட்டேன். ஜெல்லக் கூடத் தொடைக்கல. அப்பறம் மூணு தடவ போன் பண்ணிக் கூப்புட்டாங்க. யாருடின்னு அவரு கேட்டப்ப, ஜவுளிக்கடல தள்ளுபடியாம்னு சொன்னேன்.

எம்பொண்ணு ஷோபனாவுக்கு எடம் கூடி வந்த நேரம். தாய்க்கு இப்படின்னா நாளைக்குப் பொண்ணுக்கும் வருமான்னு கேப்பாங்கல்ல. மிசினு பாக்கலன்னா அது இல்லன்னு ஆயிடும், தாலி ஏறுற வரைக்கும் இல்லாம இருந்துட்டுப் போவட்டும்னு நெனச்சேன். ஜீரோன்னா ஒன்னுமில்லன்னு அவரு சொன்னதே மாப்ள வீட்டுக்கும் போதுமா இருந்துச்சு. தை மாசம் நல்லபடியா முடிஞ்சுச்சு. அதுக்கப்பறமும் ஒரு மாசமாச்சே, ஏன் வரலன்னு கேளு. அதுக்கு ஷோபனா மேல பழி போட முடியாது. பயம்மா. வேற ஒன்னுமில்ல. பயந்துட்டேன்.

போன வாரம் அவ வந்திருந்தா. கெளம்பறப்ப இறுக்கிக் கட்டிப்புடிச்சா. நான் சட்டுனு வெலகிட்டேன். அவ என்னயே பாத்துக்கிட்டு நின்னா. அதான் வந்தேன். மொச்சக்கொட்ட அளவு இப்ப என்ன அளவோ. தெனம் தொட்டுப் பாக்குறவளுக்கு அளவு எங்கேர்ந்து தெரியும்?

எங்கம்மா எந்திரிக்கிற? தண்ணி குடிக்கவா? தண்ணி கேன் ஒன் தோள்பட்டைல இடிச்சுக்கிட்டு நிக்குது.

டோக்கன பெஞ்சுல வெச்சுட்டுப் போற. உக்காரு. நானும் மொத தடவ வந்தப்ப தண்ணி குடிக்கத்தான் எந்திரிச்சுப் போனேன். கீழ்வேளூர் போயிதான் குடிச்சேன். ரெண்டாந்தடவதான் உள்ள போயிப் படுத்தேன், அதுவும் எந்த லட்சணத்துலன்னு இப்பத்தான் சொன்னேன்.

கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு? பேசிப் பேசி ஒன்னயும் பயமுறுத்திட்டேனா? லேடி டாக்டரு சொன்னாங்கம்மா, இதுல முக்காவாசி கெட்ட கட்டியே இல்லியாம். ஆனா பாத்தாத்தான் அது தெரியுமாம். அத மட்டும் நான் வீட்ல யாருக்கும் சொல்லல.

ராஜாத்தின்னு கூப்புடுறாங்க. என்னத்தான்.

இந்தா, இந்தப் பையப் புடி. வீட்டுச் சாவி, போனு, பஸ்ஸுக்குக் காசு எல்லாம் இதுக்குள்ள இருக்கு. நான் வர்ற வரைக்கும் இத உட்டுட்டு ஒன்னால எங்கயும் போவ முடியாது. இது இல்லாம என்னாலயும் ஓட முடியாது.

தோ வந்துட்டேம்மா, வந்துட்டேன்... வலது பக்கம். மொதல்ல வலது பக்கத்தப் பாருங்க.