தராசில் தொங்கிய லாரி

மூக்கண்டப்பள்ளி போகும் டவுன் பஸ்ஸில், கம்பெனிச் சட்டை போட்ட இருவர் என் முன் சீட்டில் இருந்தார்கள். ஒரே அறையில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுபவர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

“நேத்து உன் லாரியையும் என் லாரியையும் தராசுல தொங்கவிட்டேன்” என்றான் ஒல்லியானவன். பக்கத்தில் நின்ற பூக்கார அம்மா திரும்பிப் பார்த்தார்.

“எந்தத் தராசுடா?”

“நாம வண்டி கட்டுற கம்ப்யூட்டர் கேம்லதான். அது எடையைக் காட்டாதில்ல? நீளமா ஒரு கம்பி, நடுவுல ஒரு சக்கரம், நானே தராசு செஞ்சுட்டேன்.”

“நின்னுச்சா?”

“கடைத் தராசு மாதிரியே ஆடி நின்னுச்சு மச்சான்.”

“யார் லாரி கனம்? பந்தயம் ஞாபகம் இருக்கா? கனமான லாரிக்காரன்தான் இந்த மாசம் பூரா சோறாக்கணும்.”

ஒல்லியானவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “என்னுதுதான் கீழ எறங்குச்சு.”

“நான்தான் பார்க்கலையே. மாத்திச் சொல்லியிருந்தா எனக்கு எப்படித் தெரியும்?”

“தராசு செஞ்சவனே பொய் சொல்லலாமா?”

மற்றவன் அவன் தோளில் கையைப் போட்டான்.

“சரி, காய் நான் நறுக்கித் தரேன். உப்பை மட்டும் அந்தத் தராசுல நிறுத்துப் போடு.”