வாத்தியாரிடம் விடை கேட்டல்

முல்லைத்தீவு போகும் காலை பஸ்ஸில் சாரதியைச் சேர்க்காமல் பதினேழு பேர் இருந்தோம். எனக்கு முன்னால் இருவர். இளையவர் மூச்சுப் பயிற்சி பழக ஒட்டுசுட்டானில் புது வாத்தியாரிடம் போகிறாராம். மற்றவர் அங்கே பழைய மாணவர்.

“பழைய வாத்தியாரிட்டை விலகிப் போக விடை கேட்டனீரே? கேளாமல் வந்தால் எங்கடை வாத்தியார் சேர்க்கமாட்டார்.”

“அவர் செத்து மூண்டு மாசம், அண்ணை.”

“அப்ப சுடலையிலையாவது கேக்க வேணும்.”

“ஓம், நேற்றுப் போய்க் கேட்டனான். கேட்டிட்டு, அவர் பழக்கினபடி கண்ணை மூடி மூச்சை இழுத்தன். எனக்குப் பின்னாலையும் ஆரோ இழுத்த சத்தம் கேட்டுது.”

“பிறகு?”

“நான் மூச்சை விட்டிட்டன். பின்னாலை விட்ட சத்தம் இன்னும் கேக்கேல்லை.”

மூன்று மைல்கற்கள் கடந்தன.

“அடுத்த சந்தியிலை இறங்கும், தம்பி,” என்றார் பழைய மாணவர். “அவர் விடுற சத்தம் கேட்டாப் பிறகு வாரும்.”