மருமகளின் மூச்சும் மாமியாரின் விரலும்

எங்கள் வகுப்புக்குத் தம் கடையின் மாடியைத் தந்து, தந்த நாள்முதல் தம் இரு காதுகளையும் சேர்த்தே தானம் செய்துவிட்ட சலவைக் கடை முதலாளியும் இந்த அவையின் தலைவருமாகிய ஐயா அவர்களே! முன்வரிசையை முழுமையாய் நிறைத்திருக்கும் மூத்தோரே! மடியில் பிள்ளையும் மனத்தில் பொறுமையுமாய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நாங்கள் பயிற்சி செய்யும்போதெல்லாம் சன்னலைச் சாத்தினீர்களே தவிர, ஒருநாளும் எங்களைச் சாடாத அக்கம்பக்கத்து அன்பர்களே! உங்கள் அனைவருக்கும் அடியேனின் அன்பு கனிந்த வணக்கம்.

என்ன ஐயா? "வணக்கமே இவ்வளவு நீளமா" என்கிறீர்களா? பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்லிப் பிழைப்பவள் நான். பகலெல்லாம் நான் பேசுவதை ஒருவரும் நின்று கேட்பதில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். இன்றைக்குத்தான் உட்கார்ந்து கேட்க ஒரு கூட்டம் வாய்த்திருக்கிறது. விட்டுவிடுவேனா?

பெரியோர்களே! பேக்பைப் என்னும் இந்த வாத்தியத்தைப் பாருங்கள். அக்குளில் ஒரு பை. வாயில் ஓர் ஊதுகுழல். விரல் வைத்து வாசிக்க ஒரு பாட்டுக்குழல். தோளில் சாய்ந்தபடி ஓயாமல் சுருதி பிடிக்க மூன்று குழல்கள். இதை வளர்ந்து வாழ்ந்து தலை நரைத்தவர்களுக்குச் சொல்லித்தரப் போகிறேன் என்றபோது ஊர் என்ன சொன்னது? "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்றது. வளையும் ஐயா, வளையும்! கொஞ்சம் கத்திக்கொண்டு வளையும், அவ்வளவுதான்.

எங்கள் மாணவர்களில் ஒருவர் பல் டாக்டர். ஊரையெல்லாம் "வாயைத் திறங்க, இன்னும் நல்லாத் திறங்க" என்று சொல்லிச் சம்பாதிப்பவர். மாடியேறி என்னிடம் வந்தால், "வாயை மூடுங்க டாக்டர், காத்தெல்லாம் போகுது" என்று திட்டு வாங்குகிறார். ரொம்பச் சிரிக்காதீர்கள், அவர் மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார். நாளைக்கு அவர் நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள் நீங்கள்!

வளர்ந்தவர்களுக்கு இதில் எது கடினம்? ஊதுவதா? அல்ல. விரலை அசைப்பதா? அல்லவே அல்ல. மூச்சு வாங்குவதுதான் கடினம்! நிறுத்தினால் நாதம் நின்றுவிடுமோ என்று அஞ்சி ஊதுகிறார்கள், ஊதுகிறார்கள், ஊதிக்கொண்டே இருக்கிறார்கள். முகம் சிவக்கிறது, விழி பிதுங்குகிறது; ஆனால் மூச்சு வாங்க மாட்டார்கள். "வாங்குங்க, அந்த நேரத்துல கை பையை அழுத்தும், சத்தம் நிக்காது" என்றால் நம்ப மாட்டார்கள். எப்படி நம்புவார்கள்? நான் நின்றால் வீடு நின்றுவிடும் என்று ஓடி ஓடியே வயதானவர்கள் அல்லவா! அப்படி மூச்சு வாங்க மறந்துபோன இரண்டு பெண்களைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். அவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். மேடைக்குப் பக்கத்தில் நின்று என்னை முறைத்துக்கொண்டிருப்பவர்களும் அவர்கள்தான்.

ஒருவர் தையல்காரம்மா. சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுப்பதில் இந்த வட்டாரத்திலேயே அவர் விரலுக்கு ஈடில்லை. இன்னொருவர் அவருடைய மருமகள். நாற்சந்தியில் நின்று விசில் ஊதி லாரியை நிறுத்தும் போக்குவரத்துக் காவலர். இருவருக்கும் நடுவே ஒருவர் இருந்தார். அந்த அம்மாவுக்கு மகன், இந்தப் பெண்ணுக்குக் கணவன். காவல்துறை பேண்டில் இதே வாத்தியத்தை வாசித்தவர். நோய் வந்தது, போய்விட்டார். அதன்பிறகு அந்த வீட்டில் பேச்சு எப்படி இருந்தது தெரியுமா? "பால் வந்துச்சா?" "வந்துச்சு அத்தை." "சாவி எங்க?" "ஆணியில இருக்கு." தீர்ந்தது! பகையா? இல்லை அன்பர்களே, பயம். வாய் திறந்தால் தானும் அழுது அடுத்தவரையும் அழவைத்துவிடுவோமோ என்ற பயம்.

ஒரு மாலை, மருமகள் என் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டுப் படி இறங்குகிறார். மாமியார் மகன் வாசித்த அதே வாத்தியத்தைப் போர்வையில் சுற்றிக்கொண்டு படி ஏறுகிறார். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே இல்லை.

"நீ எங்கம்மா இங்க?"

"நீங்க எங்க அத்தை இங்க?"

இரண்டு பேரும் நடுப்படியில் நின்றுவிட்டார்கள். நான்தான் மேலேயிருந்து, "ரெண்டு பேரும் மேல வாங்க, கீழ துணி தூக்கிட்டு வர்றவங்களுக்கு வழி விடுங்க" என்றேன்.

பாடம் தொடங்கினால் அங்கேயும் வில்லங்கம். மாமியாருக்கு வீசிங்; நாலு ஊது ஊதினால் நாற்காலியைத் தேடுவார். விரலோ பறக்கும்! மருமகளுக்கு மூச்சோ மூச்சு. ஊதினால் சுவரில் காலண்டர் படபடக்கும். ஆனால் விரல்? லாரியை நிறுத்திய கை, பாட்டையும் நிறுத்திவிடும். சரி, ஒருவர் ஊதட்டும், ஒருவர் வாசிக்கட்டும் என்றேன். எதிரெதிரே நிறுத்தினேன். மாமியாருக்கு விரல்கள் தலைகீழாய் வந்தன. அதைவிட, நேருக்கு நேர் மாமியாரின் முகத்தைப் பார்த்ததும் மருமகளுக்கு உதடு துடித்தது. உதடு துடித்தால் காற்று கசியும். காற்று கசிந்தால் பை சுருங்கும். ஆகவே மாமியாரைப் பின்னால் நிற்கவைத்தேன். அம்மா குள்ளம், சலவைக் கடையின் சோப்பு மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் ஏற்றினேன். பின்னாலிருந்து குழலைத் தொட வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும்? இரண்டு கையாலும் மருமகளைச் சுற்றி வளைக்க வேண்டும்!

ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே துயரம். ஒருமுறையாவது கட்டி அணைத்ததுண்டா? இல்லை. அன்று அணைத்தார்கள். அது அணைப்பு என்று அவர்களுக்குத் தெரியாது. பாடம் என்று நினைத்தார்கள். நானும் பாடம் என்றுதான் சொல்லிவைத்தேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, இங்கே பிசிறு தட்டினால் உடைத்தது மூச்சா விரலா என்று எனக்கே சொல்லத் தெரியாது.

இப்படி இருக்கும்போது மருமகளுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ரயிலேறிப் போக வேண்டிய தொலைவு. மாமியார் என்னிடம் சொன்னார்: "போகட்டும் டீச்சர். சின்னப் பொண்ணு. என்னைப் பாத்துக்கிட்டு இங்கயே கிடக்கணுமா?" மருமகள் தனியே சொன்னார்: "வாங்கன்னு கூப்பிட்டா, சமைச்சுப்போட ஆள் தேடறேன்னு நினைச்சுடுவாங்களோ? அது அவங்க பையன் இருந்த வீடு. எந்த உரிமையில கூப்பிடறது டீச்சர்?"

கேளுங்கள் இந்தக் கொடுமையை! இருவரும் என்னிடம் சொன்னார்கள், ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் அறிவிப்புச் சொல்பவள் நான். ஆனால் அந்த அறிவிப்பை நான் சொல்லலாமா? என் நாக்கு எவ்வளவு அரித்தது என்பதை நான் மட்டுமே அறிவேன்.

கடைசி வகுப்பு. மெதுவான ஒரு பாட்டு. பாதியில், விரலை நிறுத்தாமலேயே மாமியார் பேசத் தொடங்கினார். மாமியார் பேசலாம், மருமகள் பதில் பேச முடியாது! தாய்மார்கள் சிரிப்பதைப் பார்த்தால் நாளைக்கே என் வகுப்பில் இடம் இருக்காது போலிருக்கிறதே! ஆனால் அம்மா, இந்த வாத்தியத்தின் பக்கத்தில் காதோடு ரகசியம் பேச முடியுமா? கத்தினால்தான் கேட்கும். எத்தனையோ நாள் நெஞ்சுக்குள் பூட்டிவைத்ததை அந்த அம்மா கத்தினார்.

"திரும்பாத! ஊது! ஊதிக்கிட்டே கேளு! அவன் போன அன்னிக்கு உன்னைப் பிடிச்சுக்கிட்டு அழணும்னு இருந்துச்சு. பிடிச்சா விடமாட்டேனோன்னு பயந்து பிடிக்கல. மெஷினை எந்த ஊர்ல வேணும்னாலும் போட்டுத் தைக்கலாம். நானும் உன்கூட வரட்டுமா? வேணாம்னா பரவாயில்ல, ஊதிக்கிட்டே இரு!"

கீழே சலவைக் கடைவரை கேட்டதாம். தலைவர் தலையாட்டுகிறார் பாருங்கள்.

மருமகள் திரும்பவில்லை. ஒரு மூச்சு வாங்கினார். என்னிடம் படிக்க வந்த நாளிலிருந்து அவ்வளவு நீளமாக அவர் மூச்சு வாங்கி நான் பார்த்ததே இல்லை. இடக்கை பையை இறுக்கியது. வலக்கை, தன்னைச் சுற்றியிருந்த மாமியாரின் கையை விலாவோடு சேர்த்து இறுக்கியது. பையை இறுக்கினால் சுருதி ஏறிவிடும். அதனால்தான் "ஒரே அழுத்தம், ஒரே அழுத்தம்" என்று வகுப்பு முழுக்கத் தொண்டை கிழியக் கத்துவேன். அன்று மூன்று குழலும் ஏறின. பாட்டுக்குழல் கீச்சென்று கதறியது. கேட்கச் சகிக்காத சத்தம். நான் திருத்தவில்லை.

பாட்டு முடிந்தது. ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்ததும் அந்தப் பெண் சொன்ன முதல் வார்த்தை: "மெஷினை நான் தூக்கிக்கிறேன் அத்தை."

அன்பர்களே! உங்கள் வீட்டிலும் கேட்கப்படாமல் ஒரு கேள்வி இருக்கிறது. இல்லையென்று சொல்லுங்கள் பார்ப்போம்! கேட்டால் உரிமை மீறலோ, கேட்டால் பாரமோ என்று எத்தனை நாள் பொத்திவைப்பீர்கள்? இன்றே கேளுங்கள். முகத்தைப் பார்த்துக் கேட்க முடியவில்லையா, முதுகுப்பக்கம் நின்று கேளுங்கள். வாத்தியம் இல்லையா, மிக்சியை ஓடவிட்டுக் கத்துங்கள்! ஆனால் கேளுங்கள்.

இடம் தந்த தலைவருக்கும், காது தந்த தெருவுக்கும், சிரித்தும் கண்ணைத் துடைத்தும் கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. மாமியாரும் மருமகளும் இப்போது வாசிக்க வருகிறார்கள். நாளைக் காலை ஒரே ரயிலில் இருவரும் போகிறார்கள். வாசிப்பின் நடுவே எங்காவது சுருதி ஏறினால் முகம் சுளிக்காதீர்கள், கைதட்டுங்கள். வணக்கம்!