பள்ளத்துக் குழியின் மணி

எல்லாரும் முதலில் வெயிலைத்தான் சொல்வார்கள், துஷ்யந்தி மிஸ். பிறகு மழை, அட்டைக்கடி, கண்டியிலிருந்து தெல்தெனியப் பக்கம் வரும் வளைவு ரோடு. ஆட்கள் ஏன் முன்போல கோல்ஃப் விளையாட வருவதில்லை என்று விசாரிக்க உங்களைக் கொழும்பிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். உண்மையான காரணம் வேறு. காத்திருப்பதுதான் அது. முன்னால் போகிறவர் மெதுவாக விளையாடினால், பின்னால் நிற்கிறவருக்கு விளையாட்டே வெறுத்துப்போகும். அப்படிச் சில சனிக்கிழமைகள் நின்றவர், பிறகு வீட்டிலேயே இருந்துவிடுவார்.

கதிரையை இழுத்துப்போட்டு உட்காருங்கள். நானும் உட்காருகிறேன். ஹேவாஹெட்டத் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் வழுக்கி விழுந்து அடிபட்ட முழங்கால் இது. கொஞ்சம் நோகும். மற்றபடி மட்டைப் பை தூக்கும் வேலைக்கு அது ஒருநாளும் இடைஞ்சலாக இருந்ததில்லை.

பழைய மேனேஜர் போவதற்கு முன் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். மெதுவாக விளையாடுகிற ஆட்களோடு போகும் பை தூக்கிகளை நிறுத்தப்போவதாகச் சொன்னார். ஆட்டத்தை வேகப்படுத்துவது எங்கள் பொறுப்பாம். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். ஏனென்றால் நான் ஹலீம் ஹாஜியாரோடு போகிறவன்.

ஹாஜியார் அக்குறணையில் துணிக்கடை வைத்திருந்தவர். கடையை மருமகனிடம் கொடுத்துவிட்டு இங்கே வரத் தொடங்கினார். நல்ல மனிதர், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவரைப் போல மெதுவாக விளையாடுகிற ஒருவரை நான் பார்த்ததில்லை. பந்தை அடிப்பார். பிறகு அங்கேயே நின்று ஏரியைப் பார்ப்பார். புல்லுக்குள் குனிந்து பந்து தேடுவார். கண்ணுக்கு முன்னால் கிடக்கிற பந்தையும் தேடுவார். நான் பையோடு போய்ச் சேரும்வரை தேடிக்கொண்டே இருப்பார்.

வேறு ஆளோடு போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். மற்றவர்கள் என்னைக் கூப்பிடுவதில்லை. இளம் பையன்களைத்தான் கேட்பார்கள். ஹாஜியார் மட்டும் வந்ததும் வராததுமாக, "வீரையா எங்க?" என்பார். அவர் வருகிறவரை நான் அவரோடுதான் போகவேண்டும், மெதுவானவன் என்ற பெயரும் எனக்குத்தான். ஆகவே அவர் விளையாடுவதை நிறுத்தினால்தான் என் வேலை தப்பும் என்று முடிவு செய்தேன்.

அவருக்கு வெறுப்பு வரவேண்டும் என்று முதலில் பந்துகளைக் காலால் மிதித்துச் சேற்றுக்குள் அமுக்கினேன். அவர் சளைக்காமல் தேடினார். ஆட்டம் இன்னும் தாமதமானதுதான் மிச்சம். அதன் பிறகுதான் மணி ஞாபகத்துக்கு வந்தது.

பள்ளத்துக் குழியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேட்டிலிருந்து அடிக்கிறவருக்குக் கீழே இருப்பவர்கள் தெரியமாட்டார்கள். அதனால் அங்கே ஒரு கம்பத்தில் மணி கட்டியிருந்தோம். கீழே விளையாடி முடித்தவர்கள் விலகிப் போகும்போது அதை அடிக்கவேண்டும். சத்தம் கேட்டதும் மேலே நிற்கிறவர் தயங்காமல் அடிப்பார். இங்கே எல்லாரும் கண்ணைவிட அந்த மணியைத்தான் நம்பினார்கள்.

ஹாஜியார் பள்ளத்தில் நிற்கும்போதே நான் மணியை அடித்தேன். பயந்தால் வரமாட்டார் என்று நினைத்தேன். பந்து அவருக்குக் கொஞ்சம் தள்ளி விழுந்தது. மணியை நான் தெரியாமல் அடித்துவிட்டதாக நினைத்தாரோ என்னவோ, அவர் சிரித்தார்.

"மேல நிக்கிறது அஸ்ஃபராத்தான் ஈக்கணும். என்னைய வீட்டுக்கு அனுப்பப் பாக்குறாரு போல" என்றார்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அன்றைக்கும் மணியை அடித்தேன். அதற்கடுத்ததும். அவருக்குப் பயம் என்ற ஒன்றே இல்லை, மிஸ். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

எப்போதும் எங்களுக்குப் பின்னால் விளையாடி வருகிற அஸ்ஃபர் நல்ல பலத்தோடு அடிக்கிறவர். அவருடைய பந்து எப்போதும் இடப்பக்கம், மணல் குழிக்குப் பக்கத்தில்தான் வந்து விழும். கடைசியாக ஒரு சனிக்கிழமை ஹாஜியாரை அங்கே கூட்டிப்போனேன்.

"இங்கதாங்க விழுந்துச்சு, ஹாஜியார். நல்லா பாருங்க."

"நீங்க மெதுவா நடங்க, வீரையா. நான் பாத்துட்டு வாறேன்" என்றார்.

அவருடைய பந்து என் சட்டைப் பைக்குள் இருந்தது. மணிக்கம்பம் வரை நடக்க எனக்கு நேரம் எடுத்தது. அவ்வளவு நேரத்தில் அவர் அந்த இடத்தை விட்டு விலகியிருக்கலாம். விலகவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன், குனிந்தபடியே இருந்தார். மணியை அடித்தேன்.

பந்து வந்து தலையில் பட்டபோது பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை.

ஹாஜியார் பள்ளத்தைத் தாண்டி வந்துவிட்டார், நான் மணி அடித்த பிறகு பந்து தேடத் திரும்பிப் போனார் என்று பொலிசில் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். அவர் பந்து தேடுகிற விஷயம் ஊருக்கே தெரியும். பாவம், அஸ்ஃபர். மட்டைகளை யாருக்கோ கொடுத்துவிட்டார். இந்தப் பக்கம் வருவதேயில்லை. மணியையும் கழற்றிவிட்டார்கள். அது தேவையில்லாத வேலை. மணியில் ஒரு குறையும் இல்லை.

ஹாஜியாரை அடக்கம் செய்த அன்று மௌத்து வீட்டுக்கு நானும் போயிருந்தேன். அவருடைய மகள் இல்மா என்னை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். அழுதுகொண்டே ஒரு விஷயம் சொன்னார்.

"ஒங்களுக்கு வேகமா நடக்க ஏலா எண்டு வாப்பாக்குத் தெரியும். அதுதான் பந்து தேடுற மாதிரி நிப்பாங்களாம், நீங்க வந்து சேருற வரைக்கும். ஒங்களுக்கு வெக்கமா போயிடும் எண்டு ஒங்கள்ட்ட மட்டும் செல்லல்ல."

துக்கத்தில் இருக்கிறவர்கள் அப்படி ஏதாவது சொல்வார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எழுதுவதை ஏன் நிறுத்திவிட்டீர்கள்? காரணத்தைக் கேட்டீர்கள், சொன்னேன். எனக்கும் களைத்துவிட்டது. ஹாஜியார் இல்லாத இந்த மாதங்களில் வேறு வேறு ஆட்களோடு போகிறேன். எல்லாரும் இளவட்டங்கள், வேகமாக அடிக்கிறவர்கள். ஆனாலும் நான் பையோடு போகிற நாட்களில் பின்னால் வருகிறவர்கள் மேட்டில் நின்று கத்துகிறார்கள். இன்னும் யார் தாமதப்படுத்துகிறார்கள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை, மிஸ்.